வண்டுவுக்கு ஓர் எக்கோ

வண்டுவின் அம்மாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. பழைய கதை எதையும் கிளற எழுதவில்லை. பெற்றவன் என்ற உரிமையில் வண்டுவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டும் எழுதவில்லை. முதலில் ‘நீங்கள்’ என்று போட்டு ஒரு பக்கம் எழுதினேன். வங்கிக்கு விண்ணப்பம் எழுதியது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு ‘நீ’ என்றே எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அவரும் இதைப் படிக்க வேண்டும்.

உன் போன் எண் மாறிவிட்டது. உன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். எண்ணைத் தர அவருக்கு மனம் வரவில்லை. “அட்ரஸ் தரேன், எழுதிப் போடுங்க. படிக்கணும்னு தோணுச்சுன்னா படிப்பா” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

நடுவில் நீ படிப்பதை நிறுத்திவிட்டாலும் இந்த ஒன்று உன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டுவை ஓர் இதய மருத்துவரிடம் கூட்டிப்போய் ஈசிஜியும் எக்கோ என்ற ஸ்கேனும் எடுக்க வேண்டும். எடுத்து முடிக்கும்வரை அவளை ஓட விடாதே. போட்டியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். காரணத்தை இனிமேல் எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் உயரமான குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று அழைப்பு வந்தது. நான் இன்னும் அதே கம்பெனிதான், அதே சாம்பல் சட்டைதான். ஊரெல்லாம் லிஃப்டில் போகும், அதைப் பழுதுபார்க்கிறவன் மட்டும் படியேறிப் போகவேண்டும் என்று முன்பு சொல்லிச் சிரிப்பாயே, அப்படித்தான் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறினேன். கடைசி மாடியில் யாரோ நெஞ்சில் முழங்கையை ஊன்றி அழுத்துவது போல இருந்தது. மூச்சு இழுத்தது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். அதற்கு மேல் நினைவில்லை.

பின்னாலேயே வந்த காவலாளி கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறார். “சத்தம் கேட்டு உள்ள வந்து பாத்தா, மோட்டார் பக்கத்துல மல்லாக்கக் கிடக்கறீங்க. கண்ணு தொறந்திருக்கு, ஆள்தான் இல்ல” என்று பிறகு சொன்னார். அவரே ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே கூட வந்தவர் யார் என்று கேட்டதும் அவரைக் காட்டினேன். சொந்தமா என்று அவரிடம் கேட்டார்கள். “இல்லீங்க, நான் பில்டிங் வாட்ச்மேன்” என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஏதோ தப்புச் செய்தவர் போல. அவருக்கு வேலை நேரம். அனுப்பி வைத்தேன். அதன் பிறகு யார் கேட்டாலும் “வருவாங்க” என்று சொல்லிவைத்தேன். யார் வருவார்கள் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். ரொட்டி அடுப்புக்குக் குனிந்து நிமிரும்போதெல்லாம் அவருக்குத் தலை சுற்றும், சில நாள் விழுந்தும் விடுவாராம். அடுப்புச் சூடு என்று விட்டுவிட்டார்கள். எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலறைக்குள் ஒரு கட்டி. சின்ன எலுமிச்சை அளவு, காம்பில் தொங்குகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஊஞ்சலாடி ரத்தம் போகும் வழியை அடைக்கிறது. அவர் மனைவி கேட்டுவிட்டு அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதார். அவர் என்னவென்றால், “எல்லாருக்கும் நெஞ்சுல ஆசை, காதல்னு ஏதாவது குடியிருக்கும். எனக்குக் கட்டி வந்து குடியிருக்கு பாருங்க, அதுவும் வாடகை குடுக்காம” என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

எனக்கு என்ன என்று விசாரித்தார். இதயத் தசை தடித்திருக்கிறதாம் என்றேன். “அவ்வளவுதானா? தசை தடிச்சா பலம்தானே சார். நீங்க நாளைக்கே வீட்டுக்குப் போயிடுவீங்க” என்றார். நானும் அதை நம்பினேன் என்று வைத்துக்கொள்.

அவருக்கு நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். புற்று இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. ஆண்டுக்கொரு முறை எக்கோ எடுத்துப் பார்த்தால் போதும் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஏதும் வருமா என்று அவர் மனைவி கேட்டதற்கு, இவருடைய கட்டி அந்த வகை இல்லை, கவலை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது பிள்ளைகள் முன்னால் ஓடி ஓடிக் கதவைத் திறந்தார்கள். கட்டில் காலியாகிவிட்டது. உறையை மாற்றிவிட்டுப் போனார்கள். நான் அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் மருத்துவர் அம்மா என் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும் நின்றபடி பேசிவிட்டுப் போகிறவர் அவர். படம் வரைந்து காட்டினார். இதயத்தின் நடுச்சுவர் இருக்க வேண்டியதைவிட ரொம்பத் தடிப்பு. உள்ளே தசைநார்கள் வரிசையாக இல்லாமல், வாராத தலைமுடி மாதிரிச் சிக்கிக் கிடக்கின்றன. ஓடும்போதும் பாரம் தூக்கி ஏறும்போதும் ரத்தம் வெளியே போகும் வழி குறுகிவிடுமாம். சில சமயம் துடிப்பே தறிகெட்டுப் போய், ஆள் நின்ற இடத்திலேயே விழுந்துவிடலாம் என்றார். “நீங்க சாப்பிட்டதாலயோ, செஞ்ச வேலையாலயோ வந்ததில்ல இது. பிறக்கும்போதே கூட வர்றது. உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?”

இல்லை என்றுதான் முதலில் வாயில் வந்தது. அப்பாவை வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடி விழுந்தவர் என்றுதான் நாங்கள் சொல்லிப் பழகியிருக்கிறோம். விழுந்ததில் அடிபட்டு இறந்தார் என்றுதான் ஊர் சொன்னது. விழுவதற்கு முன்பே போய்விட்டார் என்று யார் நினைத்தோம்? அக்காவை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். கல்லூரி மைதானத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்தவள். காலையில் சாப்பிடாமல் போனாள், வெயில் தாங்கவில்லை என்றார்கள். ‘அந்தக் காலையில் அவளைத் திட்டினேனே, அதனால்தான் சாப்பிடாமல் போனாள்’ என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நீயே கேட்டிருக்கிறாய். அது சாப்பாட்டால் இல்லை அம்மா என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

இதையெல்லாம் சொல்லச் சொல்ல மருத்துவர் ஒரு தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று குடும்பத்தை வரைந்துகொண்டே வந்தார். பிள்ளைகள் உண்டா என்றார். ஒரு பெண் என்றேன். எனக்குக் கீழே ஒரு வட்டம் போட்டார். என்ன செய்கிறாள் என்று கேட்டார். “ஓடுவா. ஸ்கூல் டீம்ல இருக்கா” என்றேன். உன் அண்ணன் போனில் ஸ்டேட்டஸாக வைக்கும் படங்களில் பார்த்ததுதான், வேறெப்படி எனக்குத் தெரியும்? அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “உங்களப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல அந்தப் பொண்ணுக்கு எக்கோ எடுங்க” என்றார். அவளுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம்.

மீதிப் பாதி அவளுக்கு அமைந்திருக்கட்டும். அவள் மூக்கு, நெற்றி எல்லாம் உன்னுடையது என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு எனக்கு அதில் சின்ன வருத்தம். இப்போது உள்ளேயும் முழுக்க உன்னைப் போலவே இருக்கட்டும் என்று இருக்கிறது.

மருத்துவர் கொடுத்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். என் எண்ணும் அதில் இருக்கிறது. என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டி எழுது. ‘எடுத்தாச்சு’ என்ற ஒரு வார்த்தையையும் அதில் சேர்த்துவிடு.

இப்படிக்கு,
வண்டுவின் நலம் விரும்பும் நான்

*

வண்டுவின் அம்மாவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும்,

இந்த முறை உறையின் மேல் இரண்டு பேரையும் குறிப்பிட்டிருக்கிறேன். யார் கையில் கிடைத்தாலும் பிரித்துப் படிக்கவும்.

முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தவறியிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். அப்புறம் மனசு கேட்காமல் உன் அண்ணனிடம் விசாரித்தேன். “வந்து சேந்துடுச்சுங்க. அவ அதப்பத்தி ஒண்ணும் பேச மாட்டேங்கறா” என்றார்.

நான் நாடகம் ஆடுகிறேன் என்று நினைக்கிறாயோ என்னவோ. நோயைச் சொல்லி வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான் என்று தோன்றியிருக்கலாம். உன் இடத்தில் இருந்தால் எனக்கும் தோன்றும். அதனால்தான் சீட்டில் மருத்துவரின் எண்ணையும் வட்டமிட்டு வைத்தேன். என்னிடம் பேச வேண்டாம். அவரிடம் பேசுங்கள். உங்கள் ஊரிலேயே வேறு மருத்துவரிடம் காட்டுங்கள். என் மேல் இருக்கும் கோபத்தில் எதை வேண்டுமானாலும் கிழி. அந்தச் சீட்டை மட்டும் கிழித்துவிடாதே.

எனக்கு மார்புத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்துத் தைத்திருக்கிறார்கள். துடிப்பு தறிகெட்டால் அதுவே உள்ளிருந்து ஓர் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யுமாம். அறுவைச் சிகிச்சையின்போது உடன் இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். யோசித்து யோசித்துப் பார்த்துக் கடைசியில் பேக்கரிக்காரரைக் கூப்பிட்டேன். “இதுக்கா சார் இவ்வளவு தயங்கினீங்க?” என்று தன் தையலே இன்னும் முழுசாக ஆறாத மனிதர், ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். செவிலியர்களுக்கு யார் நோயாளி என்றே குழப்பம்.

பெரிய மோட்டார்களுக்குப் பக்கத்தில் இனி வேலை செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் என்னைப் புகார் வாங்கும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்கள். பதறாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க என்று சொல்ல வேண்டும். ஆள் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். அப்படிப் பேசுவது எனக்கு நன்றாக வருகிறது என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பேச வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. சாவியை மேஜையில் வைக்கும் சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும்.

நேற்று உன் அண்ணன் வைத்த படத்தைப் பார்த்தேன். மார்பில் எண் குத்திய சட்டையோடு வண்டு நிற்கிறாள். அடுத்த போட்டி நெருங்குகிறது என்று கீழே எழுதியிருக்கிறார். இடுப்பில் கைவைத்து, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் ஓடி முடித்ததும் அப்படித்தான் நிற்பார்கள், தெரியும். ஆனால் நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவள் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கே எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எழுதினால் அவள் பெயர் ஊர் வாயில் விழும். நீங்கள் இருவரும் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும். அதனால் மறுபடியும் உங்களிடமே கேட்கிறேன்.

ஐயா, உங்களிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளை மைதானத்துக்குத் தினமும் கூட்டிப் போய்க் கூட்டி வருவது நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் மட்டும் வண்டியை வேறு பக்கம் திருப்புங்கள்.

இப்படிக்கு,
கும்பிட்டுக் கேட்கும் நான்

*

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்கத் தைரியம் இல்லை. இந்தக் கடிதத்தை உடனே படிக்க வேண்டாம். எப்போது தோன்றுகிறதோ அப்போது படி. தோன்றவே இல்லையென்றால் எங்காவது வைத்துவிடு.

போன வாரம் உன் அப்பா எனக்குப் போன் செய்தார். எடுத்ததும், “சார், நான் வண்டுவோட அப்பா பேசறேன்” என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். “சொல்லுங்க” என்று நானே தொடங்கினேன். அவர், “நம்ம பொண்ணுக்கு ரிசல்ட் வந்திருக்கு” என்றார்.

என்ன ரிசல்ட் என்பது அவர் குரலிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ‘நம்ம’ என்ற சொல்லைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். ‘எங்க பொண்ணு’ என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. காய்ச்சலில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஓட்டத்துக்கு உன் காலணி நாடாவைக் கட்டிவிட்டவர் அவர். அவரை நீ எதற்காகவும் விட்டுக்கொடுக்காதே.

என் இரண்டாவது கடிதம் உன் அப்பா கையில் கிடைத்ததால்தான் உன்னை எக்கோவுக்குக் கூட்டிப்போனார்களாம். முதல் கடிதத்தை அம்மா படித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் வைத்திருந்தாளாம். அதற்காக நீ அவளோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். பேசு, கண்ணு. உனக்கு ஒன்றும் இல்லை என்று அவள் நினைக்க விரும்பினாள். அந்தக் காகிதத்தை வெளியே எடுத்தால் அது உண்மையாகிவிடும் என்று பயந்திருப்பாள். நானும் என் மருத்துவரிடம் எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்றுதான் முதலில் சொன்னேன். பயந்தவர்கள் சொல்வது அது.

இன்னொன்றையும் உன் அப்பா ரொம்பத் தயங்கிச் சொன்னார். நான்தான் வற்புறுத்திக் கேட்டேன், அவர் மேல் கோபப்படாதே. மருத்துவர் அறையை விட்டு வெளியே வந்ததும் நீ சொன்னாயாமே, “அவரு எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதான்” என்று.

நீ சொன்னதில் தப்பு இல்லை. தெரிந்தே கொடுத்ததில்லை என்று சொல்லலாம், ஆனால் அதைக் கேட்டு உனக்கு என்ன ஆகப்போகிறது? ஓடுகிறவளிடம் ஓடாதே என்று சொல்லிவிட்டார்கள். உன் காலணிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய் என்றார். நன்றாகத் தள்ளு. உதைத்துக்கூடத் தள்ளு. அழுகை வந்தால் அழு. ‘போட்டிதானே, போனால் போகட்டும்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் காதில் வாங்காதே. அது போனது பெரிய விஷயம்தான். உனக்கு அது என்னவென்று ஓடியறியாதவர்களுக்குத் தெரியாது.

உன் தடிப்பு என்னுடையதைவிடக் குறைவு என்று மருத்துவர் சொன்னாராம். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். நடக்கலாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம், ஊர் சுற்றலாம், சண்டை போடலாம். மருத்துவர் சொன்னபடி பார்த்துக்கொண்டு இதோடு முடி நரைக்க வாழ்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். என் மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அவருக்கே அலுத்திருக்கும்.

இனி எழுதப்போவது உனக்கு உதவலாம், அதனால் எழுதுகிறேன். உனக்குக் கொடுத்திருக்கும் மாத்திரையின் பெயரை உன் அப்பா படித்துக் காட்டினார். நானும் அதையேதான் சாப்பிடுகிறேன். தொடக்கத்தில் விரல் நுனிகள் சில்லிட்டுப் போகும். உடம்பு ஈரத் துணி மாதிரிக் கனக்கும். சோம்பேறி ஆகிவிட்டோம் என்று தோன்றும். நீ சோம்பேறி இல்லை, அது மாத்திரை. எனக்குப் போகப் போகக் கொஞ்சம் சரியாயிற்று. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடி. இடப்பக்கம் படுத்தால் துடிப்பு காதுக்குள் வந்து தட்டும். வலப்பக்கம் திரும்பிப் படுத்துப் பார். எனக்கு அப்படிச் செய்தால்தான் தூக்கம் வருகிறது. மயக்கம் வந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே வீட்டில் சொல்ல வேண்டும். அதில் மட்டும் ஒளிவு மறைவு கூடாது.

ஆனால் அப்படிச் சொல்லும் அளவுக்கு இல்லாத சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உள்ளே ஒரு துடிப்பு தவறி, அடுத்தது மீன் துள்ளுவது போலத் துள்ளும். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அறையில், நாம் மட்டும் நம் நெஞ்சைக் கவனித்துக்கொண்டிருப்போம். வெளியே சொன்னால் அம்மா முகம் மாறும், அப்பா சாவியைத் தேடி ஓடுவார். அதனால் விழுங்கிக்கொள்வாய். உன்னைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இது தெரியும், ஏனென்றால் நானும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அந்த மாதிரி நேரத்தில் என் எண்ணுக்கு ஒரு வரி அனுப்பு. அப்பா என்று கூப்பிட வேண்டாம். நலம் விசாரிக்க வேண்டாம். ‘இப்ப உள்ள துள்ளுது’ என்று அனுப்பினால் போதும். எனக்கும்தான் என்று பதில் போடுவேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நீ கிழவியாகி, பல்லெல்லாம் கொட்டி, வீட்டில் இருக்கிற எல்லோர் மேலும் எரிந்து விழும் வயதுவரை இருக்க வேண்டும். அதுவரைக்கும் என் மேல் கோபமாகவே இரு. இருந்தால் போதும், கண்ணு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்